ஐந்தாவது சைகை

கொடி பிடிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு வணக்கம். வாலிபால் கோர்ட்டின் மூலையில் நின்று, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சிவப்புக் கொடியால் சொல்லும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு என்ன ஓய்வு என்று சிரிக்காதீர்கள். தாராபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. இனி நான் விசில் ஊதினால் பிள்ளைகள் ஓடுவார்கள். இதுவரை நான் கொடியைத் தூக்கினால் நான்தான் ஓட வேண்டியிருந்தது.

போவதற்கு முன் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். விதிமுறைகளை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது நாம் நிற்கும் இடத்தைப் பற்றி. பெரிய ஆட்டக்காரர்களைப் பார்க்க வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்கள். நமக்கு அந்த ஆட்டக்காரர்களின் வியர்வையே மேலே தெறிக்கிறது. அவர்கள் மூச்சு வாங்குவது கேட்கிறது. தன்னைத் திருத்திக்கொள்ள நினைக்கும் ஒருவனுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஒரே சிக்கல், அந்த வகுப்பில் எதைப் பார்த்து எழுதிக்கொள்வது என்று நமக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கருமத்தம்பட்டியில் ஒரு கோடைக்காலப் போட்டி. விசைத்தறி ஊர். போட்டிக் கமிட்டியின் தலைவர் பெரிய தறிக்குடோன் வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்து பழகியவர் என்பதால் அவர் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் சோமனூர் வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவர் கையில் ஒரு மைக்கும் இருந்தது. மைக் செட் அவருடையது. ஆகவே வர்ணனையும் அவரே.

“நம்ம பசங்க அடிச்ச அடியப் பாத்தீங்களாங்க? இடிங்க, இடி! சென்னைக்காரங்க பந்தத் தேடறாங்க பாருங்க. ஏனுங்க, அக்கட்ட எங்க தேடறீங்க, உங்க காலுக்கு அடியிலதானுங்க கெடக்குது!”

எதிரணியைக் கிண்டல் செய்யும்போதும் ‘ங்க’ குறையாது. மரியாதையாக மானத்தை வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

முதல்நாள் காலையில் தலைமை நடுவர் என்னைத் தனியாக அழைத்தார். ஏணி போன்ற உயர்ந்த மேடையில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துகிறவர். அதிகம் பேச மாட்டார்.

“மாநில நடுவர் பரீட்சைக்கு ஒருத்தனச் சிபாரிசு பண்ணலாமுன்னு இருக்கறேன். உன்ற பேரும் மனசுல இருக்குது. ஃபைனல் முடியற வரைக்கும் உன்ற கொடியப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன்” என்றார்.

எனக்கு அந்தச் சிபாரிசு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் சிலருக்குப் புரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வேலைதான் எங்கள் குடும்பத்துக்கு. எனக்காக எங்கேயாவது போய் ஒரு வார்த்தை சொல்ல உறவில் யாரும் கிடையாது. மாநில நடுவர் என்ற பெயர் இருந்தால் விளையாட்டு ஆசிரியர் வேலைக்குக் கதவு கொஞ்சம் திறக்கும். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஊர்ப் போட்டிகளில் கொடி பிடித்து, முடிந்ததும் துண்டு போர்த்தி அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே அந்தப் போட்டியில் என்னை முழுதாகச் சீர்திருத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். யாரைப் பார்த்து? சென்னையிலிருந்து வந்திருந்த அணியின் எட்டாம் நம்பரைப் பார்த்து.

இந்தியாவுக்கு ஆடியவர். அவர் எழும்பி அடித்தால் பந்து தரையில் படும் சத்தம் முதலில் கேட்கும், பந்து அப்புறம்தான் தெரியும். இப்படி ஒரு மனிதர் என்ன சாப்பிடுகிறார், எப்படி உட்காருகிறார் என்று பார்த்து அப்படியே செய்தால் நாமும் தேறிவிடலாம் என்பது என் கணக்கு. நீங்களும் அந்தக் கணக்கைத்தான் போடுவீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முதலில் சாப்பாடு. அந்த ஊரில் விருந்தாளியை அரை வயிற்றோடு எழுந்திருக்க விட மாட்டார்கள். மத்தியானப் பந்தியில் தலைவரே கரண்டியோடு நின்றார்.

“என்னுங்க, குருவி கொத்தற மாதிரி சாப்படறீங்க? இன்னொரு கரண்டிங்க. ஒண்ணே ஒண்ணுங்க. எங்கூருக்கு வந்துபோட்டு இப்படி எந்திரிச்சா எங்களுக்குக் கேவலமுங்க.”

எட்டாம் நம்பர் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தார். “கப்ப ஜெயிச்சிட்டு வந்து மொத்தமா சாப்புடறேன் தலைவரே.”

“கப்பு எங்களுதுங்க. சோறு மட்டும்தானுங்க உங்களுக்கு.”

அவருடைய அணிக்காரர்கள் அவ்வளவு சாமர்த்தியசாலிகள் அல்ல. தலைவரின் அன்புக்கு முன்னால் ஒவ்வொருவராக வீழ்ந்தார்கள். அன்று மாலை அவர்கள் குதித்ததைக் குதித்தது என்று சொல்வது பெரிய மனசு. இது விருந்தோம்பலா, போர்த் தந்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலைவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் எட்டாம் நம்பரைப் பார்த்து இலையை மூடிக்கொண்டேன். அவர் அதற்கு முன் வேண்டியதைச் சாப்பிட்டிருந்தார். நான் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை. மாலை ஆட்டத்தின் பாதியில் எனக்கு ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. நல்ல வேளையாக என் பக்கம் பந்தே வரவில்லை.

அடுத்தது தூக்கம். அவர் மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்வார். நானும் நிழல் தேடி, அங்கே நின்றிருந்த ஒரு வேனில் ஏறிப் படுத்தேன். வேன் டீசல் போட அவினாசிக்குப் போய்விட்டது. திரும்பி வரும்போது மைக் அலறிக்கொண்டிருந்தது. “கொடி புடிக்கற தம்பி எங்க இருந்தாலும் வாங்க. உங்க மூலை உங்களத் தேடுதுங்க. பந்து வேற வந்துட்டே இருக்குதுங்க.”

அவரைப் போலச் சூயிங்கமும் மென்று பார்த்தேன். விசில் சத்தத்தில் திடுக்கிட்டு விழுங்கிவிட்டேன். அதோடு அது முடிந்தது.

கடைசியாக அவருடைய பார்வை. வலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை அவர் ஒரு பார்வை பார்ப்பார். பந்து எங்கே போகப் போகிறது என்று அவருக்கு மட்டும் யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டது போல இருக்கும். இது எனக்குப் பொருந்தியது. கோட்டருகே பந்து விழுந்ததும் கொடியை வெட்டுவது போல இறக்கி, கேள்வி கேட்பவனை ஒரு முறை முறைத்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இங்கேதான் தம்பிகளே, ஒன்று சொல்ல வேண்டும். கொடி பிடிப்பவனுக்கு ஐந்து சைகைகள் உண்டு. கொடியை இறக்கினால் உள்ளே, பந்து கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான்; தூக்கினால் வெளியே; பிறகு கையில் பட்டது, கோட்டை மிதித்தது. ஐந்தாவது, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைப்பது. ‘எனக்குத் தெரியவில்லை, மறைத்துவிட்டது’ என்று பொருள். என்னிடம் நான்கு சைகைகள்தான் இருந்தன. ஐந்தாவதை நான் ஒரு நாளும் காட்டியதில்லை.

காரணம் உண்டு. தோப்புக்காரர் வந்தால் என் அப்பா அப்படித்தான் நிற்பார். இரண்டு கையும் மார்பில், கண் தரையில். ‘தெரியலைங்க சாமி, எனக்கென்னங்க தெரியும்’ என்பார். பள்ளிக்கூடம் சேர்ந்த அன்றே நான் எனக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டேன். எவன் முன்னாலும் கை கட்ட மாட்டேன், எவனிடமும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் வாத்தியார் எதைக் கேட்டாலும் முதலில் எழுந்து ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். பாதி நேரம் தப்பு. ஆனால் குரலில் தப்பே இருக்காது.

சென்னை அணியின் அரையிறுதியில் இரண்டு முறை ஆட்டக்காரர் குறுக்கே வந்து பந்தை மறைத்துவிட்டார். இரண்டு முறையும் நான் பார்க்காமலே கொடியை இறக்கி முறைத்தேன். இரண்டு முறையும் அது சரியாகிவிட்டது. ஒரு மனிதனைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அதே அரையிறுதியில் இன்னொன்றும் நடந்தது. எதிரணி போட்ட சர்வீஸ் எட்டாம் நம்பருக்கும் பக்கத்து ஆட்டக்காரருக்கும் நடுவில் பொத்தென்று விழுந்தது. உண்மையில் அது பக்கத்துக்காரருடைய பந்து. அத்தனை கூட்டத்துக்கு முன்னால் எட்டாம் நம்பர் சட்டென்று கையைத் தூக்கினார். ‘என் தப்பு’ என்று அர்த்தம். உடனே திரும்பி அடுத்த சர்வீஸுக்குக் குனிந்து நின்றுவிட்டார்.

நான் அசந்துபோனேன். மூலையில் நின்று நான் சேர்த்துவைத்த ஞானம் ஒன்று உண்டு. சுமாரான ஆட்டக்காரன் தப்பு செய்ததும் முதலில் தன் ஷூ கயிற்றைப் பார்ப்பான். பிறகு உள்ளங்கையைப் பார்ப்பான். பிறகு சூரியனைப் பார்ப்பான். பந்தைத் தூக்கிக் கொடுத்தவனைப் பார்ப்பான். கடைசியில் நம்மைப் பார்ப்பான். இவர் எதையுமே பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

“ஏனுங்க, அது உங்க பந்தே இல்லீங்களே. எதுக்குங்க கையத் தூக்குனீங்க?”

“தூக்கலைன்னா அது யார் பந்துன்னு ஆறு பேரும் யோசிச்சிட்டு நிப்போம். அடுத்த பந்து வருதுல்ல, அத யாரு எடுக்கறது?”

“உங்களுக்குக் கேவலமா இல்லீங்களா?”

“என்னைப் பாக்கத்தான வந்திருக்காங்க? இதையும் பாக்கட்டும்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ கேட்டதுக்கு நான் சொல்லிட்டேன். இப்ப நான் கேக்கறேன். மூணாவது செட்டுல கொடிய எறக்கினியே, பாத்தியா, இல்ல மொறச்சியா?”

நான் கொடியைச் சுருட்டத் தொடங்கினேன். அவர் என் தோளில் ஈரக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவருடைய பந்தி, படுக்கை, சூயிங்கம், பார்வை எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்ட நான், அந்தக் கையைத் தூக்கியதை மட்டும் விட்டிருந்தேன். அதைத் தெரிந்துகொண்டும் விட்டேன். சத்தியம் சத்தியம்தானே?

மறுநாள் ஃபைனல். உள்ளூர் அணிக்கும் எட்டாம் நம்பரின் அணிக்கும். மத்தியான வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. தறிகளை நிறுத்திவிட்டு ஊரே வந்திருந்தது. தறி நின்ற கருமத்தம்பட்டியின் அமைதியைக் கேட்டவர்கள் குறைவு. அதையும் தலைவரின் மைக் கேட்கவிடவில்லை.

ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. பதினாலு, பதிமூன்று. சென்னைக்காரர்களுக்கு இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் கோப்பை. சர்வீஸ் உள்ளூர் அணியிடம்.

பந்து போனது, வந்தது, எட்டாம் நம்பர் எழும்பினார். அடி என் மூலைக்கு. அதே நேரம் உள்ளூர் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் குறுக்கே பாய்ந்து எனக்கும் கோட்டுக்கும் நடுவில் விழுந்தார். பந்து தரையில் மோதிய சத்தம் கேட்டது. எங்கே மோதியது? தெரியவில்லை. செம்மண் தரையில் தடம் இருக்குமே என்று பார்த்தால், விழுந்தவர் சறுக்கிக்கொண்டு போய்த் தன் வயிற்றாலேயே அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இப்போது கணக்கைப் பாருங்கள். கொடியை இறக்கினால் கோப்பை சென்னைக்குப் போகும், கயிற்றுக்கு வெளியே இருப்பவர்கள் உள்ளே வருவார்கள். கொடியைத் தூக்கினால் ஊரே என்னைத் தூக்கும். எதைச் செய்தாலும் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. மேடையிலிருந்து தலைமை நடுவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைப்பதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

அப்போது எட்டாம் நம்பரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய், முட்டியில் கை வைத்துக் குனிந்து, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றிருந்தார். அவருடைய கோப்பைதான் என் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரோ வேலையில் இருந்தார்.

கொடியோடு இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தேன். கண்ணை மட்டும் தரைக்கு இறக்கவில்லை. நேராக மேடையைப் பார்த்தேன்.

“என்னுங்க இது?” மைக் அலறியது. “தம்பி எதுக்குங்க கையக் கட்டிட்டு நிக்குது? குளுருதுங்களா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கிருந்தோ பாதி கடித்த கொய்யா ஒன்று பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அது உள்ளேயா வெளியேயா என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

தலைமை நடுவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். தரையைப் பார்த்தார். விழுந்தவரின் பனியனைப் பார்த்தார். செம்மண் எல்லாம் அதில் இருந்தது. பிறகு என்னிடம் கேட்டார்.

“தெரியலையா?”

“தெரியலைங்க.”

“சத்தமாச் சொல்லு.”

“தெரியலைங்க!”

பக்கத்தில் வந்து நின்ற தலைவர் மைக்கை அணைத்திருக்கவில்லை. ‘தெரியலைங்க’ என்று என் குரல் நான்கு குழாய்களிலிருந்தும் ஊருக்கு அறிவிக்கப்பட்டது. போதாதென்று அவரும் ஒரு முறை சொன்னார். “தெரியலையாமுங்க! படிச்ச தம்பிங்க. தெரியலையாமுங்க!”

சிபாரிசு அதோடு அவினாசி ரோட்டில் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் ஒரு வேடிக்கை. அந்த வார்த்தை வாயை விட்டுப் போனதும் உடம்பு லேசாகிவிட்டது. முறைக்க வேண்டியதில்லை. யாரையும் பார்க்க வேண்டியதில்லை. கோட்டை மட்டும் பார்த்தால் போதும். இரண்டு நாளாக நான் கோட்டை முழுதாகப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிக் கண் என்னைப் பார்ப்பவர்கள் மேலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பந்து மறுபடி ஆடப்பட்டது. அதே சர்வீஸ். மனிதரின் குறும்பைப் பாருங்கள், எட்டாம் நம்பர் அதே மூலைக்கே அடித்தார். இம்முறை நான் ஓரடி விலகி நின்றிருந்தேன். பின்வரிசைக்காரர் பாய்ந்தது தெரிந்தது. அவர் விரலுக்கு முன்னால் பந்து இறங்கியது தெரிந்தது. கோடாக இழுத்துக் கட்டிய வெள்ளை நாடாவின் வெளி விளிம்பைப் பந்து கடித்து, நாடா துடித்து, அதிலிருந்து தூசி எழுந்தது தெரிந்தது.

கொடியை இறக்கினேன். உள்ளே.

கயிற்றின் ஒரு பக்கம் தரையோடு சாய்ந்தது. “அவுட்டுங்க! அவுட்டு! சென்னைக்காரன் ஊட்டுச் சோறு தின்னுபோட்டான்டா! புடிங்கடா அவன!” என்று ஒரு கூட்டம் என்னை நோக்கி வந்தது. ஓடலாமா என்று கால் கேட்டது. இறக்கிய கொடியைத் தூக்காமல் அப்படியே நின்றேன்.

அவர்களுக்கும் எனக்கும் நடுவில் தலைவர் வந்து நின்றார். கோப்பை போன துக்கத்தில் முகம் சுருங்கியிருந்தது. ஆனால் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டார்.

“நில்லுங்க சாமி! எங்க ஓடி வாரீங்க? அவுட்டா இருந்தா அந்தத் தம்பி அவுட்டுன்னு சொல்லியிருக்குமுங்க. தெரியலைன்னாத் தெரியலைன்னு சொல்லியிருக்குமுங்க. இப்பத்தானுங்க ஊருக்கே கேக்கறாப்பல சொல்லுச்சு. பாத்துப்போட்டுத்தான் எறக்கியிருக்குதுங்க. போயி ஒக்காருங்க. ஜெயிச்சவங்களுக்குக் கையத் தட்டுங்க. நல்லாத் தட்டுங்க, நம்மூட்டுக்கு வந்தவங்க!”

வந்தவர்கள் நின்றார்கள். முன்னால் வந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். முதலில் இரண்டு பேர் தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

தலைமை நடுவர் ஆட்டத்தை முடித்து வைத்துவிட்டு என் மூலைக்கு வந்தார். என் கையிலிருந்த கொடியை வாங்கிச் சுருட்டினார்.

“பரீட்சைக்கு உன்ற பேரக் குடுக்கறேன்” என்றார். மைக்கோடு போய்க்கொண்டிருந்த தலைவரைத் தாடையால் காட்டினார். “தோத்த ஊர்க்காரரு வாயில சிபாரிசு வாங்கினவன நான் எப்படி உடறது? போயி மொதல்ல சாப்புடு.”